முதுகு காட்டி அமர்ந்த மூவர்: பார்த்து வரைந்து எண்ணெய் வண்ணம் பழகுவது எப்படி?

எண்ணெய் வண்ணத்தில் முதல் படமாக எதை வரையலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் ஒரு படத்தைச் சொல்வேன். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக் 1822-இல் வரைந்த ‘கடல்மேல் நிலவெழுச்சி’. பெர்லினில் ஆல்ட்டே நேஷனல்கேலரி என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 55 செ.மீ., அகலம் 71 செ.மீ. அவ்வளவுதான், பெரிய படம் அல்ல. முன்னால் கரையோரப் பாறைகள். அவற்றில் பெரிய பாறை ஒன்றின்மேல் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் திசையில் கடல், கரை நோக்கி வரும் இரண்டு பாய்மரக் கப்பல்கள், ஊதா நிற மேகத்திரை, அதன் பின்னாலிருந்து மேலே வரும் நிலா.

ரொமான்டிக் காலத்துக் கடற்கரை ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புதிதாகப் பழகுபவருக்கு இது ஏன் ஏற்றது? ஒளி ஒரே இடத்திலிருந்து வருகிறது. நிறங்கள் மிகக் குறைவு. மஞ்சள், ஊதா, பழுப்பு என்ற மூன்றுக்குள் முழுப் படமும் அடங்கிவிடுகிறது. வானம், கடல், பாறை, மனிதர் என்று தூரத்திலிருந்து அருகே வரும் அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்ய வேண்டிய வரிசையும் அதுவே. மனிதர்கள் இருந்தும் முகம் வரைய வேண்டியதில்லை என்பது பெரிய சலுகை. மூக்கும் கண்ணும் சரியாக வரவில்லையே என்ற கவலையில் தொடக்கக்காரர்கள் எத்தனையோ படங்களைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இங்கே அந்தக் கவலை இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்கும் தோரணை பிசகினால் படம் படுத்துவிடும். அந்தப் பாடம் எளியதல்ல, ஆனால் கற்றுக்கொள்ளக் கூடியது.

அதே காலத்தவரான இங்கிலாந்தின் டர்னரிடம் முதலில் போகாதீர்கள். அவருடைய கடல்கள் மகத்தானவை. ஆனால் பூசியும் சுரண்டியும் மறுபடி பூசியும் அவர் செய்த வேலையில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பார்வையால் பிரித்தெடுக்க முடியாது. வரிசை தெரியாத படத்திலிருந்து தொடக்கக்காரருக்குக் கிடைப்பது குழப்பம்தான்.

பார்த்து வரைவது திருட்டு இல்லையா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். பாரிஸின் லூவர் 1793-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டதிலிருந்தே ஓவியர்கள் அங்கே தாங்கியை நிறுத்திப் பழைய படங்களைப் பார்த்து வரைந்து வந்திருக்கிறார்கள். இன்றும் அனுமதி பெற்று வரைகிறார்கள். இரண்டு நிபந்தனைகள் உண்டு: நகல் மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. வீட்டில் வரைபவர்களும் இவ்விரண்டையும் கடைப்பிடிப்பது நல்லது. ஃப்ரீட்ரிக் 1840-இல் இறந்தவர் என்பதால் அவர் படங்களுக்குப் பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை.

நம் பக்கத்தில் இந்தக் கலை அவ்வளவு திறந்ததாக இருக்கவில்லை. இளவயதில் திருவிதாங்கூர் அரண்மனையில் தங்கியிருந்த ரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ணம் கற்றுத்தர மதுரைக்காரரான அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து சொல்லித்தந்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிறகு அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தாராம். கலவையும் அடுக்கும் தொழில் ரகசியமாக இருந்த காலம் அது. ஒரு நல்ல படத்தைப் படிப்படியாகப் பார்த்து வரைந்தால் அந்த ரகசியத்தில் பெரும்பகுதி தானாகவே கைக்கு வந்துவிடும்.

இதில் ஃப்ரீட்ரிக்கின் வாழ்க்கையே வழிகாட்டுகிறது. 1774-இல் பால்டிக் கடலோர ஊரான கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். கோபன்ஹேகன் அகாடமியில் படித்துவிட்டு 1798-இல் டிரெஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் எண்ணெய் வண்ணத்தை முழுமூச்சாகக் கையில் எடுத்தது 1807 வாக்கில், முப்பது வயது தாண்டிய பிறகு. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் பெயர் வாங்கியது செப்பியா என்ற ஒற்றைப் பழுப்பு மையில் வரைந்த காட்சிகளுக்காக. நிறமே இல்லாமல் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் வைத்து நிலவையும் மூடுபனியையும் காட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிறத்துக்கு வந்தார். நம் நகலும் அதே வழியில் போக வேண்டும் என்பதே என் வாதம். நிறத்தைப் பார்த்து மயங்கி உடனே ஊதாவைக் குழைப்பவர்கள்தான் தோற்கிறார்கள். இந்தப் படத்தைத் தாங்குவது வெளிச்சத்தின் படிநிலை. நிறம் அதன்மேல் வந்து உட்காருகிறது.

என்னென்ன வேண்டும்

கேன்வாஸ் 14 அங்குலத்துக்கு 18 அங்குலம் வாங்குங்கள். மூலத்தின் உயர அகல விகிதமும் இதன் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. எதையும் வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். மூலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு என்பதால் லூவரின் நிபந்தனையும் நிறைவேறுகிறது.

வண்ணத்தில் ஆறு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரீன் புளூ, பர்ன்ட் அம்பர். கறுப்பு வாங்க வேண்டாம். ஃப்ரீட்ரிக் காலத்தில் டியூபே கிடையாது. தகர டியூப் 1841-இல் வந்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் செயற்கை அல்ட்ராமரீன் பிரான்ஸில் தயாரானது 1828-இல், அதாவது இந்தப் படம் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. வெள்ளைக்கு அன்று இருந்தது ஈயத்தில் செய்த வெள்ளை. அது நஞ்சு, அதைத் தேடிப் போக வேண்டாம். நிறப்பொருளை அப்படியே பொருத்துவது நம் நோக்கமல்ல. நிறங்களுக்குள் இருக்கும் உறவைப் பொருத்தினால் போதும்.

பன்றிமுடித் தூரிகை இரண்டு, மென்மையான தட்டைத் தூரிகை இரண்டு, மெல்லிய கூர்முனைத் தூரிகை ஒன்று, கலக்குவதற்கு ஒரு பேலட் கத்தி. ஆளிவிதை எண்ணெய் ஒரு சிறு புட்டி. கரைப்பதற்கு ஓவியர்களுக்கான டர்பென்டைன் அல்லது வாடையற்ற கரைப்பான். சுவர் பெயிண்டுக்கு விற்கும் தின்னர் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். துணிகளை விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

கோடு, பிறகு பழுப்பு

படத்தின் நல்ல அச்சுப்பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் ஒன்றுக்கொன்று நிறம் மாறும். ஒன்றில் வானம் ரோஜா, இன்னொன்றில் சாம்பல். அருங்காட்சியகமே வெளியிட்ட படத்தை நம்பலாம். பிரதியை அகலத்தில் ஒன்பது, உயரத்தில் ஏழு எனக் கட்டம் பிரியுங்கள். கேன்வாஸில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால் அதே 63 கட்டங்கள் வந்துவிடும். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது புதிதல்ல. எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவே வளைவு போகிறது என்று பார்த்தால் போதும்.

முதலில் அடிவானம். அதை அளவுகோல் வைத்தே போடுங்கள். அளவுகோல் கலைஞனுக்கு இழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீட்ரிக்கின் நண்பர் கெயோர்க் ஃப்ரீட்ரிக் கெர்ஸ்டிங் அவருடைய வேலை அறையை வரைந்திருக்கிறார். 1811-இல் வரைந்த படம் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெறும் சுவர்கள், ஒரு தாங்கி, ஒரு நாற்காலி. சுவரில் டி-ஸ்கொயரும் முக்கோண மட்டமும் தொங்குகின்றன. கை நடுங்காமலிருக்க ஒரு நீண்ட கோலில் மணிக்கட்டை ஊன்றி ஃப்ரீட்ரிக் வரைந்துகொண்டிருக்கிறார். கடலின் விளிம்பு இம்மி சாய்ந்தாலும் தண்ணீர் கொட்டுவதுபோலத் தோன்றும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாறைகளின் வெளிவரி, கப்பல்களின் பாய்மரம், மூவரின் உருவம் எல்லாவற்றையும் பென்சிலில் முடித்துக்கொள்ளுங்கள். படம் மனத்தில் முழுதாக உருவான பிறகே ஃப்ரீட்ரிக் கேன்வாஸைத் தொடுவார், முதலில் சுண்ணக்கட்டியும் பென்சிலும், பிறகு நாணற்பேனாவும் மையும், அதன் பின்னரே அடிப்பூச்சு என்று அவருடைய நண்பரும் மருத்துவருமான கார்ல் குஸ்டாவ் காருஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கு நமக்கும் உதவும்.

இப்போது பர்ன்ட் அம்பரை மட்டும் டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்து, முழுப் படத்தையும் பழுப்பிலேயே போடுங்கள். எண்ணெய் சேர்க்காதீர்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் துணியால் துடைத்துக் கேன்வாஸின் வெள்ளையை வெளியே கொண்டு வாருங்கள். வெள்ளை வண்ணம் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. கைபேசியில் மூலப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து நான்கைந்து படிகள்தான் மிஞ்சும்: நிலாவும் அதை ஒட்டிய வானமும் மிக வெளிச்சம், அந்த ஒளி விழும் தண்ணீர் அடுத்தது, மேல்மேகம் நடுத்தரம், முன்பாறைகளும் மனிதர்களும் மிக இருட்டு. இந்தப் படிகளில் ஒன்று இடம் மாறினாலும் பிறகு எந்த ஊதாவாலும் சரிசெய்ய முடியாது. இந்தப் பழுப்புப் படத்தைச் சுவரில் சாய்த்து எட்டடி தள்ளி நின்று பாருங்கள். நிலா எழுவதாகத் தோன்றினால் பாதிப் படம் முடிந்துவிட்டது.

அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். அடிப்பூச்சுக்கு அதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே என்ற விதி இங்கே தொடங்குகிறது. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகிவிடும், கீழே உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்கும். நாளாக ஆக வெடிப்பு விழும்.

வானம்

வானத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஃப்ரீட்ரிக் வானம் வரையும் நாளில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அவர் மனைவி கரோலினா சொல்வார் என ஒரு பழைய நினைவுக்குறிப்பு உண்டு. எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும். வானத்தின் நிறம் மேலிருந்து கீழ்வரை சிறிதுசிறிதாக மாற வேண்டும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதுதான் ஒன்றை ஒன்றில் இழைக்க முடியும். நடுவில் எழுந்து போய் மறுநாள் தொடர்ந்தால் விட்ட இடத்தில் தையல் தெரியும்.

தூரிகையை எடுக்கும் முன்பே கலவைகளைக் குழைத்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் குவியல் டைட்டானியம் ஒயிட்டில் லெமன் யெல்லோ கடுகளவு, யெல்லோ ஓக்கர் கொஞ்சம். கடைசிக் குவியல் அல்ட்ராமரீனும் அலிசரினும் சேர்ந்த ஊதா. அதன் கூச்சலை அடக்க யெல்லோ ஓக்கர் சேருங்கள், சாம்பல் கலந்த ஊதாவாக மாறும். இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்து நடுவில் நான்கு குவியல். மஞ்சளும் ஊதாவும் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிர் நிறங்கள். கலந்தால் ஒன்றையொன்று மங்கவைக்கும், பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். இந்தப் படத்தின் ஒளி முழுக்க அந்த உறவில் இருக்கிறது. டியூபிலிருந்து அப்படியே எடுத்த மஞ்சளால் நிலாவைப் போட்டால் அது ஒட்டவைத்த காகிதம்போல நிற்கும். சுற்றியுள்ள ஊதாவைத் தணித்தால் வெளிறிய மஞ்சளே ஒளிவிடும்.

கலவைகளைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பூசி, சுத்தமான காய்ந்த மென்தூரிகையால் பட்டைகளின் விளிம்பைக் குறுக்காக லேசாக வருடுங்கள். ஒவ்வொரு வருடலுக்குப் பிறகும் தூரிகையைத் துணியில் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பத்தே நிமிடத்தில் வானம் முழுவதும் ஒரே சேற்று நிறமாகிவிடும். மேகத்தின் விளிம்பு நிலாவை ஒட்டிய இடத்தில் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். விலகப் போகப் போகக் கரையட்டும். எந்த விளிம்பு கூர்மை, எது மங்கல் என்று மூலத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் வரைபவருக்கும் வெறுமனே பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் உண்டாகிறது.

கடல் இதைவிட எளிது. வானத்தில் மிஞ்சிய கலவைகளையே சற்று இருட்டாக்கிப் பயன்படுத்துங்கள். தண்ணீருக்கென்று தனி நீலம் கிடையாது. ஒளி விழும் பகுதியில் மட்டும் கிடைமட்டமாகச் சிறு தீற்றல்கள், தூரத்தில் மெல்லியதாகவும் நெருக்கமாகவும், அருகே வர வர அகலமாகவும் இடைவெளி விட்டும். கப்பல்களைக் கடல் காய்ந்த பிறகு போடுங்கள். அவையும் ஒளிக்கு எதிரே நிற்பதால் நிழலுருவங்களே. தூரத்துக் கப்பலை அருகேயுள்ளதைவிட வெளிறியதாக வைத்தால் நடுவே காற்று வந்துவிடும்.

பாறைகளுக்கு அம்பரும் அல்ட்ராமரீனும். இரண்டும் சேர்ந்தால் கறுப்பைவிட ஆழமான, உயிருள்ள இருட்டு கிடைக்கும். அம்பர் கூடினால் சூடு, அல்ட்ராமரீன் கூடினால் குளிர்.

அந்த மூவர்

நம் கேன்வாஸில் இந்த உருவங்கள் கட்டைவிரல் அளவுதான் வரும். ஆனாலும் படத்தில் கண் முதலில் போய் நிற்பது அவர்களிடம். ஒரு சோதனை செய்து பாருங்கள். அச்சுப்பிரதியில் மூவரையும் விரலால் மறையுங்கள். கடலும் நிலாவும் அப்படியே இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. ஆனால் எதிர்பார்ப்பு போய்விடுகிறது. கப்பல்கள் யாரை நோக்கி வருகின்றன என்ற கேள்வியே எழுவதில்லை. விரலை எடுத்ததும் அந்தக் கப்பல்களுக்குக் கரை உண்டாகிறது. முதுகு காட்டும் உருவம் ஃப்ரீட்ரிக் மறுபடி மறுபடி கையாண்ட உத்தி. முகத்தைக் காட்டினால் நாம் அவர்களைப் பார்ப்போம். முதுகைக் காட்டியதால் அவர்களோடு சேர்ந்து பார்க்கிறோம்.

அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தலையும் அடிவானக் கோட்டுக்கு எந்த அளவில் நிற்கிறது என்பதை மூலத்தில் அளந்து அப்படியே வையுங்கள். ஒரு நூலிழை ஏறினாலோ இறங்கினாலோ, நாம் நிற்கும் இடமே மாறிவிடும்.

உருவத்தை வெளிக்கோடு போட்டு உள்ளே நிரப்பாதீர்கள். மூவரையும் சேர்த்து ஒரே இருட்டுத் திட்டாகப் பாருங்கள். அந்தத் திட்டின் வடிவத்தைப் போடுங்கள். பிறகு அவர்களுக்கு இடையே தெரியும் வெளிச்சத் துண்டுகளைக் கவனியுங்கள். பெண்கள் இருவரும் நெருங்கியும் ஆண் சற்று விலகியும் இருப்பதைச் சொல்வது அந்த இடைவெளியின் வடிவம்தான். இடைவெளி சரியானால் தோள்கள் தாமாகச் சரியாகும். கழுத்து எந்தக் கோணத்தில் தோளில் இறங்குகிறது, முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, உடலின் பாரம் பாறையில் எங்கே அமர்கிறது என்ற மூன்றும் கிடைத்துவிட்டால் விரல்களும் உடை மடிப்புகளும் ஓரிரு தீற்றலில் முடிந்துவிடும்.

பின்னாலுள்ள கடல் முழுதாகக் காய்ந்திருந்தால் இந்தக் கட்டத்தில் பயமே வேண்டாம். தவறான தீற்றலைக் கரைப்பானில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் கடல் பழையபடி இருக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி, மூலத்தையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுங்கள். மனிதர் என்ற நினைப்பு போய் வடிவம் மட்டும் தெரியும், பிழை உடனே கண்ணில் படும். கடைசியாக, நிலாவை நோக்கிய விளிம்புகளில் மூலத்தில் எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே மட்டும் கூர்தூரிகையால் வெதுவெதுப்பான வெளிர்மஞ்சள் ஒரு மயிரிழை. சுற்றிலும் போட்டுவிடாதீர்கள்; அது விளம்பரப் பலகை ஆகிவிடும்.

எல்லாம் காய்ந்தபின், முன்பாறைகள் தட்டையாகத் தோன்றினால் ஆளிவிதை எண்ணெயில் அம்பரைச் சொட்டாகக் கரைத்துக் கண்ணாடிபோல ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். ஃப்ரீட்ரிக்கின் படங்களில் வண்ணம் மேடாக நிற்பதில்லை. மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித்தான் ஆழம் வந்திருக்கிறது. வார்னிஷுக்கு அவசரம் வேண்டாம், ஆறு மாதம் போகட்டும். கேன்வாஸின் பின்பக்கம் ‘காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக்கின் படத்தைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.

அடுத்ததாக எதை எடுப்பது? சுறுசுறுப்பான தூரிகை வேண்டுபவர்கள் வடக்குப் பிரான்ஸின் கடற்கரைகளையும் மீனவர்களையும் வரைந்த ரிச்சர்ட் பார்க்ஸ் போனிங்டனிடம் போகலாம். 25 வயதில் 1828-இல் இறந்துவிட்ட அவரும் லூவரில் பார்த்து வரைந்து பழகியவரே. என் விருப்பம் ஃப்ரீட்ரிக்கிடமே இன்னொரு முறை போவது. 1808-க்கும் 1810-க்கும் இடையில் வரைந்த ‘கடலோரத் துறவி’ பெர்லினில் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மணல், இருண்ட கடல், மிகப் பெரிய வானம், ஒரே ஒரு மனிதன். அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்தபோது அந்தக் கடலில் அவர் முதலில் கப்பல்களைக் கோட்டில் வரைந்திருந்ததும், வண்ணம் பூசும்போது அவற்றை விட்டுவிட்டதும் தெரியவந்தது. அதை இரண்டு சிறு அட்டைகளில் வரைந்து பாருங்கள்: ஒன்றில் கப்பல்களைச் சேர்த்து, இன்னொன்றில் அவர் முடித்தபடியே வெறும் கடலாக.